புயலுக்கு அடியில் கிடந்தவன்

சங்குமேட்டுக்கு எதிரே நடுக்கடலில் ஒன்றரை நாள் நகராமல் நின்ற கார்த்திகைப் புயல், கடலின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போனபோது, அதன் அடியில் கவிழ்ந்த பைபர் போட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்த வைரக்கண்ணுவின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நான்காம் நாள் காலையில் அவன் தெற்கே இருந்து மணலில் நடந்து வந்தான். அவனோடு போன மூன்று போட்டுக்காரர்களும் வரவில்லை, வரவும் போவதில்லை என்று ஊர் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தது. ஏழு மாத வயிற்றோடு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்த அவன் மனைவி தையல்நாயகி, பிடித்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டாள். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டதுபோல் இருந்தது. ஆனால் செத்தவன் கஞ்சி கேட்க மாட்டான், இவன் கஞ்சி கேட்டான், உப்பு போதவில்லை என்றும் சொன்னான், அதனால் அவள் மறுபடியும் அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஊர் நர்ஸ் பிரேமகுமாரி அவன் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள், பாதரசம் ஏறவில்லை, இன்னொன்றை வைத்துப் பார்த்தாள், அதிலும் ஏறவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு நன்றாக இருக்கிறது, பேச்சு நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறான், சீட்டில் எழுத வியாதி என்று ஒன்றும் இல்லை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

அந்த நாட்களில் கடலும் அப்படித்தான் இருந்தது. புயல் அடித்தண்ணீரைக் கலக்கி மேலே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்ததால், வழக்கமாக வெந்நீர்போல் காலில் படுகிற அலை அப்போது சில்லென்று பட்டது, குளிக்கப் போன பிள்ளைகள் பல் கிட்டி ஓடிவந்தார்கள். இது கடல்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். வெயில் அடிக்க அடிக்க மேல்தண்ணீர் தானே சூடேறிவிடும், கடலுக்கு ஏறும்போது இவனுக்கும் ஏறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். இருபது நாளில் கடல் சூடேறிவிட்டது. வைரக்கண்ணுவுக்கு ஏறவில்லை.

கருவாடு காய்கிற தளத்தில் நெத்திலிக்கு நடுவே அவனைப் படுக்கவைத்துப் பார்த்தார்கள், மிளகு ரசமும் நண்டு ரசமும் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், மாசியில் அம்மன் கோயில் தீக்குழியில் இறங்கச் சொன்னார்கள். அவன் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு இறங்கி நடந்தான், அவன் கால் பட்ட இடமெல்லாம் கங்கு கறுத்து அவிந்துபோக, அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் வாசலில் நடப்பதுபோல் நடந்து ஏறினார்கள். பக்தர்களுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. அடுத்த வருஷம் கடைசி ஆளாக இறங்கும்படி பூசாரி அவனிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு யாரும் அவனைச் சூடாக்கப் பார்க்கவில்லை. இருக்கிறபடியே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். ஏலக் கொட்டகையில் அவன் நடுவில் உட்கார்ந்தால் சுற்றி அடுக்கிய மீன் சாயங்காலம் வரைக்கும் கண் மங்காமல் இருந்தது. காய்ச்சல்காரர்களை அவன் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்தார்கள். பங்குனி பிறந்து தார் ரோடு உருகியபோது மதியத்தில் அவன் யார் வீட்டு வாசலில் உட்காருவது என்று தெருவுக்குத் தெரு சண்டை வந்து, ஊர்த் தலைவர் கலியபெருமாள் தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார். பரீட்சை நாட்களில் மட்டும் முறையெல்லாம் தள்ளி வைக்கப்பட்டு, அவன் பள்ளிக்கூட ஹாலில் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். அந்த வருஷம் பிள்ளைகள் வியர்வை சொட்டாத விடைத்தாள் எழுதினார்கள் என்று தலைமையாசிரியர் பேச்சுக்குப் பேச்சு சொன்னார்.

கடலிலும் அவன் குளிர் வேலை செய்தது. போட்டின் விளிம்பில் உட்கார்ந்து அவன் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டால், முதலில் கால் பக்கத்திலும் பிறகு வலை வீசுகிற தூரம் வரைக்கும் தண்ணீர் ஆறி, பாசி கட்டியதுபோல் பச்சையாகி, அடியில் கிடக்கிற மீனெல்லாம் மேலே வந்தது. மாசிக் கடைசியில் ரெஜினா என்றொரு பெண், கடலின் சூட்டை அளக்கிற ஏதோ ஆபீசிலிருந்து ஊருக்கு வந்தாள். செயற்கைக்கோள் படத்தில் சங்குமேட்டுக்கு எதிரே, குளிர்ந்த தண்ணீரைக் காட்டுகிற ஒரு நீலப் புள்ளி தினமும் விடியற்காலையில் கடலுக்குப் போய் மதியம் கரைக்குத் திரும்புகிறது என்றும், ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்றும், அது என்னவென்று பார்க்க வந்ததாகவும் சொன்னாள். வைரக்கண்ணுவைக் காட்டினார்கள். அவள் அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நோட்டில் 'ஆள்' என்று எழுதிக்கொண்டு, தையல்நாயகி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஊருக்கெல்லாம் இப்படி ஒத்துப்போன அந்தக் குளிர் ஒத்துப்போகாத இடம் ஒரு வீடுதான். தை மாதம் தையல்நாயகிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இளவேனில் என்று பெயர் வைத்தார்கள். பதினோராம் நாள் வைரக்கண்ணு இரண்டு துண்டு சுற்றிய குழந்தையைக் கையில் வாங்கினான், வாங்கிப் பத்து எண்ணுவதற்குள் அதன் உதடு நீலமாகிவிட்டது, பிரேமகுமாரி பிடுங்கிக்கொண்டு போய்த் தன் வயிற்றோடு அணைத்துத் தேய்த்துத் தேய்த்து அழவைத்தாள். அதன் பிறகு அவன் குழந்தைக்கு நான்கு முழத்துக்கு உள்ளே வந்ததில்லை. தூளியில் நீளக் கயிறு ஒன்றைக் கட்டி, அறையின் மறுகோடியில் சுவரோரம் உட்கார்ந்து இழுத்து ஆட்டுவான். குழந்தை சிரிப்பது அவனுக்கு அங்கிருந்து சரியாகத் தெரியாது, சிரிக்கிறதா என்று கேட்பான், தையல்நாயகி பார்த்துச் சொல்லுவாள். பால் கொடுக்கிற உடம்பு குளிரக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் அவளும் தள்ளித்தான் படுத்தாள். ஊரே அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மதியங்களில் அவள் மட்டும் குழந்தையோடு அடுப்படியில் வெந்துகொண்டிருந்தாள்.

சித்திரைக் கடைசியில் இன்னொரு புயல் கிளம்பியது.

ரெஜினா போனில் கூப்பிட்டாள். கோயில் கொட்டகையில் ஊர் கூடியிருக்க, கலியபெருமாள் போனை மைக்கின் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். புயலுக்குச் சாப்பாடு கடலின் சூடுதான் என்று அவள் சொன்னாள். வெயில் ஏறிக் கிடக்கிற கடல், வழியெல்லாம் சூடு, சங்குமேட்டுக்கும் வடக்கே நெட்டித்துறைக்கும் நடுவில் நாளை மறுநாள் விடியலில் கரை ஏறும், இரண்டு ஊரும் காலி செய்துகொண்டு மேட்டுக்குப் போவது நல்லது என்றாள். கார்த்திகையில் வந்ததைவிடப் பெரிதா என்று ஒருவர் கேட்டார்.

"அது நின்ன புயல். நிக்கிற புயல் தன் சோத்தைத் தானே ஆறவெச்சுக்கும். அடித்தண்ணியை மேல கொண்டுவந்துட்டு, அந்தக் குளிர்லயே இளைச்சுப் போயிடும். இது ஓடுற புயல். தண்ணி ஆறுறதுக்குள்ள தின்னுட்டு நகர்ந்துடும்."

அது வருவதற்கு முன்பே சோற்றை ஆறவைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. கேட்டவர் யாரையும் பார்க்காமல் கேட்டாலும் எல்லோரும் வைரக்கண்ணுவைப் பார்த்தார்கள். ரெஜினா யோசித்தாள். கரைக்கு வெகுதூரம் முன்னாலேயே, அகலமாக ஆறியிருந்தால் இளைக்கலாம் என்றாள். கரைக்குப் பக்கத்தில் ஆறியிருந்து பிரயோஜனம் இல்லை, இளைக்க அதற்கு நேரம் இருக்காது என்றாள். தன்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆளை அனுப்புங்கள் என்று தான் சொல்லவில்லை, அதை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தாள்.

கலியபெருமாளின் மூத்த மகன் கார்த்திகையில் திரும்பாத மூன்று பேரில் ஒருவன். அவர் போனை மடியில் செருகிக்கொண்டு, ஐந்து பாகம், அதாவது முப்பது அடி ஆழத்தில், கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், நம் ஊருக்கு நேர் எதிரே வைரக்கண்ணுவை இறக்குவோம், ஆன மட்டும் ஆகட்டும், அதற்கு மேல் இன்னொருத்தனை அந்தப் பக்கம் அனுப்பத் தனக்கு மனசு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். நம் எதிரே தண்ணீர் ஆறிக் கிடந்தால் புயல் கொஞ்சம் வடக்கே ஒதுங்கி நெட்டித்துறைப் பக்கம் போனாலும் போகும் என்று பின்வரிசையில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். அவரை யாரும் மறுத்துப் பேசவில்லை.

நெட்டித்துறை, தையல்நாயகி பிறந்த ஊர். சுருக்குமடி வலைத் தகராறில் இரண்டு ஊருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அவளுடைய அண்ணன் செங்குட்டுவனின் வலையைச் சங்குமேட்டார் கரையில் போட்டுக் கொளுத்தியதிலிருந்து அவன் தங்கை வீட்டுப் படி மிதித்ததில்லை, மருமகளைப் பார்க்கவும் வரவில்லை. அந்தச் செங்குட்டுவன் அன்று சாயங்காலம் இரண்டு ஆட்களோடு வந்து ஊர் எல்லையில், மீன் லாரி திரும்புகிற இடத்தில் நின்றான். உள்ளே வரச் சொல்லி ஆள் விட்டும் வரவில்லை. கடைசியில் கூட்டம்தான் எழுந்து அவனிடம் போனது.

தூரமாகப் போனால் இரண்டு ஊருக்கும் ஆகும் என்று அந்த ஆபீஸ் பெண் சொன்னதாகக் கேள்விப்பட்டேன் என்றான். சங்குமேட்டிலிருந்து ஒரு போட்டும் போகாது என்றார் கலியபெருமாள். போட்டு எங்களுடையது, டீசல் எங்களுடையது, கூடப் போகிற ஆள் நான் என்றான் செங்குட்டுவன். முடிவு சொல்ல வேண்டியவன் வைரக்கண்ணு. அவன் தன் மனைவியைப் பார்த்தான்.

அந்த ஊரில் பஞ்சாயத்து நடக்கும்போது பெண்கள் எட்டத்தில் நின்று கேட்பார்களே தவிரப் பேசுவதில்லை. தையல்நாயகி தோளில் தூங்கிய குழந்தையோடு கூட்டத்துக்கு நடுவே வந்தாள்.

"ஆறு மாசமா இந்த ஊரே இவர் பக்கத்துல உக்காந்து குளிர் காஞ்சுது. நானும் எம் பொண்ணும்தான் தள்ளி நின்னோம். அதனால இதை நான் சொல்றேன். கரையோரத்துல கட்டிப்போட இவர் நங்கூரம் இல்லை. போறதுன்னா ரெண்டு ஊருக்கும் ஆகுற தூரத்துக்குப் போகட்டும்."

பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "நீ கூட்டிட்டுப் போற. நீதான் கூட்டிட்டு வரணும்."

கலியபெருமாள் குழந்தையைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதையே ஊரின் அனுமதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

விடிந்ததும் கிளம்பினார்கள். காற்றே இல்லை, கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது, அடியில் மட்டும் நீளநீளமாக ஏதோ புரண்டுகொண்டிருந்தது. செங்குட்டுவன் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு பின்னாலும் வைரக்கண்ணு முன்னாலும் உட்கார்ந்து பதினைந்து மைல் பேசாமல் போனார்கள்.

"உன் வலையைக் கொளுத்தினப்ப நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன் மச்சான்" என்றான் வைரக்கண்ணு.

"பாத்தேன்" என்றான் செங்குட்டுவன்.

இன்னும் பதினைந்து மைல் போனார்கள். அங்கே இன்ஜினை நிறுத்தி, கொண்டுவந்த பன்னை ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். வைரக்கண்ணு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அதன் மறுமுனையை மச்சான் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். கழுத்துவரை தண்ணீரில் மிதந்தான், பிறகு தலையும் உள்ளே போயிற்று. ஒரு இழுப்பு இழுத்தால் உயிரோடு இருக்கிறேன், இரண்டு இழுப்பு இழுத்தால் இன்னும் கொஞ்ச நேரம் என்று பேசிவைத்திருந்தார்கள். உள்ளே அவன் எப்படி மூச்சு விட்டான் என்று செங்குட்டுவன் அப்போதும் யோசிக்கவில்லை, பிறகு கேட்கவும் இல்லை.

போட்டைச் சுற்றித் தண்ணீர் பச்சையாயிற்று. பச்சை ஒரு பர்லாங் போயிற்று, ஒரு மைல் போயிற்று, உச்சிவெயில் நேரத்தில் எந்தத் திசையில் பார்த்தாலும் அதன் ஓரம் தெரியவில்லை. வெயிலே பார்க்காத பெரிய கண் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. போட்டின் அடிப்பலகை சில்லிட்டது, கயிறு சில்லிட்டது, பிடித்திருந்த உள்ளங்கை இரண்டும் மரத்துப்போயின. கையை மாற்றவும் முடியவில்லை, மாற்றக் கை இல்லை. கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு வேட்டியைக் கிழித்து உள்ளங்கையில் சுற்றிப் பிடித்தான். மூன்று மணிக்குக் கிழக்கு கறுத்து, காற்று எழுந்தது. அவன் கயிற்றை இழுத்தான். உள்ளேயிருந்து இரண்டு இழுப்பு வந்தது. அலை போட்டைத் தூக்கிப் போட ஆரம்பித்தபோது மறுபடியும் இழுத்தான், மறுபடியும் இரண்டு. மூன்றாம் தடவை இழுத்தபோது பதில் இல்லை.

தங்கையின் குரல் காதிலேயே இருக்க, காலைப் போட்டின் விளிம்பில் உதைத்துக்கொண்டு அவன் கயிற்றைக் கை கையாக இழுத்தான். வைரக்கண்ணுவின் தலை மேலே வந்தது, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே போட்டான். போட்டவுடன் பயந்துபோனான், ஏனென்றால் கிடந்தவனின் உடம்பு உதறியது, தாடை தடதடவென்று ஆடியது, ஆறு மாதத்தில் யாரும் அவன் உடம்பில் அப்படி ஒரு நடுக்கத்தைப் பார்த்ததில்லை.

"குளிருது மச்சான்" என்றான் வைரக்கண்ணு.

செங்குட்டுவன் தன் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டு இன்ஜினை இழுத்துவிட்டான்.

புயல் அந்தப் பச்சைத் தண்ணீருக்கு மேலே வந்ததும், பசியோடு வந்து ஆறின பந்தியில் உட்கார்ந்தவன் கிளறிக் கிளறிப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் சுற்றியது என்றும், அதற்குப் பிறகு அதன் கண் மூடிக்கொண்டது என்றும் ரெஜினா படத்தைப் பார்த்துச் சொன்னாள். மறுநாள் விடியலில் இரண்டு ஊருக்கும் நடுவில் கரையேறியது வெறும் மழை. முருங்கை மரங்கள் முறிந்தன, சில வீட்டுத் தகரம் பறந்தது, இரண்டு நாள் கரண்ட் இல்லை, அவ்வளவுதான். அந்த மழையில் கரைக்கு வந்த போட்டின் மூக்கை முதலில் ஓடிவந்து பிடித்தவர் கலியபெருமாள். இரண்டு பேரையும் எண்ணுவதுபோல் ஒருத்தரை மாற்றி ஒருத்தரைப் பார்த்தார், போட்டை இழுத்தார். அன்று காலை செங்குட்டுவன் தங்கை வீட்டில் சாப்பிட்டான்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குளிர்ந்த தண்ணீர் நாற்பது நாள் பச்சையாகவே கிடந்தது, இரண்டு ஊர்க்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் வலை போட்டு அள்ளினார்கள், பீடிக்கு நெருப்பு வாங்கிக்கொண்டார்கள். நாற்பத்தோராம் நாள் கடல் சூடேறியது, மீன் அடிக்குப் போயிற்று, அந்த வாரமே சுருக்குமடித் தகராறு மறுபடியும் தொடங்கிப் போலீஸ் வந்தது. அடுத்த பங்குனியில் சங்குமேட்டார் வெயில் தாங்கவில்லை என்று வைரக்கண்ணுவிடமே வந்து குறைப்பட்டார்கள், பள்ளிக்கூடத்தில் நான்கு மின்விசிறி வாங்கி மாட்டினார்கள். செங்குட்டுவனின் உள்ளங்கை இரண்டும் மட்டும் சூடேறவே இல்லை. பேச்சு இல்லாத காலத்திலும் காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சங்குமேட்டுப் பெண்கள் நெட்டித்துறைக்கு நடந்து போனார்கள், அவன் நெற்றியில் கை வைத்து அனுப்புவான், எந்த ஊர் என்று கேட்டதில்லை.

அதெல்லாம் பிறகு. மழை வந்த அந்த நாளில், அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் போன பின்பு, மதியம் வைரக்கண்ணுவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் நனைந்தவனுக்கு வருகிற சாதாரணக் காய்ச்சல்தான். பிரேமகுமாரி வைத்த தெர்மாமீட்டரில் பாதரசம் கிடுகிடுவென்று ஏறி நூற்றிரண்டில் நின்றது. அவள் அதை வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்ட, மழையில் நின்றவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். உடனே ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை என்று தையல்நாயகியின் கையில் கொடுத்துவிட்டு, தகரம் விழுந்து அடிபட்டவர்களைப் பார்க்க நர்ஸ் போய்விட்டாள்.

தையல்நாயகி கதவைச் சாத்தினாள். அவன் கண்ணை மூடி முனகிக்கொண்டு கிடந்தான். நெற்றியில் கை வைத்தாள், கழுத்தில் வைத்தாள், நெஞ்சில் வைத்தாள், பாதத்தில் வைத்தாள், எல்லா இடமும் கொதித்தது. குழந்தையைத் தூக்கிவந்து அவன் விலாவோடு ஒட்டிப் போட்டாள். மழைக் குளிரில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை சூட்டைக் கண்டதும் முகத்தை அவன் அக்குளில் புதைத்துக்கொண்டு தூங்கிப்போனது. அவன் கண் திறக்காமலே கையை எடுத்து அதன் முதுகில் போட்டான். அந்தப் பக்கம் இடம் இல்லாததால் அவள் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிரேமகுமாரி வந்து பார்த்தபோது மூன்று பேரும் அப்படியே கிடந்தார்கள். தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் ஒரு புள்ளி இறங்கவில்லை. மாத்திரை கொடுத்தாயா இல்லையா என்று தையல்நாயகியை உலுக்கிக் கேட்டாள். அவள் எழுந்திருக்காமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மாத்திரை வியர்வையில் ஊறிப் பாதி கரைந்திருந்தது.

"குடுக்கறேங்கக்கா" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் சுடட்டும்."